ட்ராக்டரின் புதிய வசதிகள்: எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

பிறகு வாசிக்கிறவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். தம்பி, நீங்கள் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு இரண்டு புரோகிராம்கள் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று இரவு வேலை. பகலில் ஸ்கேன் செய்து போட்ட பில்களை எடுத்து, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் டெசராக்ட் (படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் புரோகிராம்) மூலம் படித்து, டேட்டாபேஸில் ஏற்றுவது. வேலையைப் பல பேருக்குப் பிரித்துக்கொடுக்கும் பைத்தனின் மல்டிபுரொசெஸிங் பூலில் 8 புரொசெஸ்களாக, அதாவது தனித்தனியாக ஓடும் 8 புரோகிராம்களாக, ஓடுகிறது. சில இரவுகளில் பாதியில் நின்றுவிடுகிறது, பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. நிறுத்துவதற்குக் கன்ட்ரோல்-சி அடித்தாலும் சில புரொசெஸ்கள் சாகாமல் கிடக்கின்றன. மற்றது பகல் வேலை. லொறிகளின் இருப்பிடத் தகவல் நாள் முழுக்க வந்துகொண்டிருக்க, அதைக் கணக்கிட்டு அலுவலகத் திரையில் காட்டுவது. பைத்தனில் பல புரொசெஸ்களை நடத்த உதவும் ட்ராக்டர் என்ற லைப்ரரியில் புதிதாக நிறைய வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, இரண்டையும் அதற்கு மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

இரவு வேலைக்கு வேண்டாம். பகல் வேலைக்கு மாற்றலாம், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு மாற்றுங்கள். காரணம் கொஞ்சம் நீளம்.

முதலில் உங்கள் பூல் ஏன் நிற்கிறது என்று பார்ப்போம். பெரிய படம் ஒன்று வருகிறது, மெமரி தீர்கிறது, லினக்ஸ் கேர்னல் அதிகம் தின்கிற புரொசெஸ் ஒன்றைத் தேடிக் கொன்றுவிடுகிறது. சிக்-கில் என்ற உடனே கொல்லும் சிக்னலில் போகிற புரொசெஸுக்கு விடைபெற நேரம் கிடையாது, அதனால்தான் பிழைச் செய்தி இல்லை. பூலுக்குள் இருக்கிற காவல்காரத் த்ரெட் (ஒரு புரொசெஸுக்குள் தனியாக ஓடும் இழை), ஓர் ஆள் குறைகிறதே என்று பார்த்துப் புதிய ஆளை வைத்துவிடும். ஆனால் செத்தவர் கையில் இருந்த பில் எது என்று அதற்குத் தெரியாது. அந்த வேலை காணாமல் போய்விட்டது. தாய் புரோகிராமோ அந்த ஒரு விடைக்காகக் காத்துக்கொண்டே இருக்கும், விடிந்தாலும் காத்துக்கொண்டிருக்கும். ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டுமானால், நின்றுபோன இரவின் கேர்னல் லொக்கை 'டி-மெசேஜ்' கட்டளையால் பாருங்கள். எந்தப் புரொசெஸைக் கொன்றது என்று அதில் எழுதியிருக்கும்.

2011-இல் பைத்தன் 3.2 உடன் வந்த புரொசெஸ் பூல் எக்ஸிகியூட்டர் இந்த விஷயத்தில் நேர்மையானது. ஓர் ஆள் திடீரென்று செத்தால் 'பூல் உடைந்துவிட்டது' என்று உடனே பிழை எழுப்பும். ஆனால் முழுப் பூலும் அதோடு போய்விடும், மிச்சம் 7 பேர் கையில் இருந்த வேலையும் சேர்ந்து. 3.14-இல் அதற்கு ஆட்களை நிறுத்தவும் கொல்லவும் தனித்தனி மெதட்கள் கொடுத்திருக்கிறார்கள். நல்லது, ஆனால் எப்போது கொல்வது என்ற பொறுப்பு இன்னும் உங்கள் தலையில்தான்.

இதற்கு மேல் இன்னொரு பழைய வியாதி இருக்கிறது. லினக்ஸில் பூல் இவ்வளவு காலமும் ஃபோர்க் முறையில் பிள்ளைகளைப் பெற்றது. ஃபோர்க் செய்யும்போது மெமரி முழுதும் நகலாகும், ஆனால் ஃபோர்க்கைக் கூப்பிட்ட த்ரெட் மட்டும்தான் பிள்ளையில் உயிரோடிருக்கும். வேறொரு த்ரெட் அந்த நேரம் ஒரு பூட்டைப் பிடித்திருந்தால், பிள்ளையில் பூட்டு பூட்டியபடி இருக்கும், சாவி வைத்திருந்த ஆள் இருக்க மாட்டார். 3.12 முதல் இதற்கு எச்சரிக்கை வருகிறது. 3.14-இல் லினக்ஸின் இயல்பு முறையையே ஃபோர்க்சேர்வருக்கு, அதாவது பிள்ளை பெறுவதற்கென்றே தனியாக வைத்த ஒரு புரொசெஸுக்கு, மாற்றிவிட்டார்கள். நீங்கள் எந்தப் பதிப்பில் ஓடுகிறீர்கள் என்று எழுதவில்லை. பழையது என்றால் இதையும் சந்தேகப் பட்டியலில் வையுங்கள்.

இனி கன்ட்ரோல்-சிக்குப் பிறகு சாகாமல் கிடப்பவை. இவற்றை எல்லோரும் ஸோம்பி என்கிறோம். கணக்குப்படி ஸோம்பி என்றால் செத்துப்போய், தாய் வந்து மரணச் சான்றிதழ் வாங்காததால் பட்டியலில் பெயர் மட்டும் இருப்பது. உங்களிடம் இருப்பவை உயிரோடுதான் இருக்கின்றன, தாய்தான் இல்லை. அநாதைகள். ஸோம்பியால் பெரிய கெடுதி இல்லை, இடம் பிடிக்காது. அநாதை மெமரியைப் பிடிக்கும், ஃபைலைப் பிடிக்கும், டேட்டாபேஸ் இணைப்பைப் பிடிக்கும்.

டேட்டாபேஸ் இணைப்பு என்றதும் எனக்கு 2022 ஞாபகம் வருகிறது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டிய நாட்கள். வெள்ளவத்தையில் காலி வீதிக்கு மேல் மாடியில் ஒரு சின்ன அலுவலகம், அங்கே நான் எழுதிய புரோகிராம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. யூபிஎஸ் பதினைந்து நிமிடம் தாங்கும். கரண்ட் போனால் ஒரு ஸ்கிரிப்ட் ஓடி, முதலில் என் புரோகிராமின் தாய்ப் புரொசெஸுக்குச் சிக்-டேர்ம் என்ற 'நில்' சிக்னலை அனுப்பி, பிறகு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை நிறுத்தி, கடைசியில் மெஷினை நிறுத்தும். தாய் செத்தது. ஆனால் சிக்-டேர்முக்குப் பைத்தன் இயல்பாக ஒன்றும் செய்யாது, பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லாது. 12 பிள்ளைகளும் ஆளுக்கொரு டேட்டாபேஸ் இணைப்போடு வாசலில் உட்கார்ந்திருந்தன. நான் ஸ்கிரிப்டில் போஸ்ட்கிரெஸை 'ஸ்மார்ட்' முறையில் நிறுத்தச் சொல்லியிருந்தேன். அந்த முறையில் அது, இணைந்திருக்கிற எல்லோரும் தாங்களாகப் போகும்வரை காத்திருக்கும். அவை போகவில்லை, அது நிற்கவில்லை, யூபிஎஸ் தீர்ந்தது. கரண்ட் வந்த பிறகு, ஓடுகிற புரொசெஸ்களைப் பட்டியலிடும் 'பி-எஸ்' கட்டளையை அடிக்கவும் ஒன்றும் மிஞ்சவில்லை. என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க, அடுத்த கரண்ட் வெட்டு நேரத்தில் மெழுகுவர்த்தியோடு முன்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. தப்பு முழுக்க என்னுடையது.

ட்ராக்டர் போன்ற லைப்ரரிகள் தீர்க்க வந்த பிரச்சினை இதுதான். வேகம் அல்ல. புதிய வசதிகளைப் பார்க்கும்போதும் வேகத்தைத் தேடாதீர்கள். பிள்ளைப் புரொசெஸ் ஒன்று யாருடையது, அது செத்தால் யாருக்குச் செய்தி போகும், தாய் போகும்போது அது என்ன ஆகும், இந்த மூன்றையும் எப்படிக் கையாளுகிறது என்று பாருங்கள்.

அடிப்படை யோசனைக்கு ஸ்ட்ரக்சர்ட் கன்கரன்சி என்று பெயர். கட்டமைந்த உடனிகழ்வு என்று சொல்லிக்கொள்ளலாம். மார்ட்டின் சுஸ்ட்ரிக் 2016-இல் இந்தப் பெயரை வைத்தார். பைத்தனில் நத்தானியேல் ஸ்மித் 2017-இல் ட்ரியோ லைப்ரரியைக் கொண்டுவந்து, 2018-இல் ஒரு நீண்ட கட்டுரையில் அதன் நியாயத்தை வாதிட்டார். அவருடைய வாதம்: பின்னணியில் ஒரு டாஸ்கைக் கிளப்பிவிட்டு மறந்துவிடுவது, 1968-இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா எதிர்த்த, நினைத்த வரிக்குத் தாவும் 'கோ-டு' கட்டளை மாதிரியான குழப்பத்தையே திரும்பக் கொண்டுவருகிறது. அதனால் டாஸ்க் தொடங்குவதென்றால் ஒரு நர்சரியைத் திறந்து அதற்குள்தான் தொடங்க வேண்டும். உள்ளே தொடங்கிய அத்தனையும் முடிந்த பிறகுதான் நர்சரியை விட்டு வெளியே வர முடியும். எங்கள் வீட்டில் இரவு கதவைப் பூட்டுமுன் அம்மா ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு 'வந்தாச்சா' என்று கேட்பார், ஒருவர் வராவிட்டாலும் தாழ்ப்பாள் விழாது. அதேதான். ஒரு பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் மற்றவர்களையும் திரும்பக் கூப்பிட்டு, நடந்ததை மேலே சொல்லிவிட்டுத்தான் கதவு மூடும்.

இந்த யோசனை இப்போது பைத்தனுக்குள்ளேயே வந்துவிட்டது. 2022 ஒக்டோபரில் வந்த 3.11-இல், ஒரே புரொசெஸில் பல டாஸ்குகளை மாறிமாறி ஓட்டும் பைத்தனின் சொந்த லைப்ரரியான அசிங்க்-ஐஓவுக்கு டாஸ்க் குரூப் கிடைத்தது. ஒரே நேரத்தில் பல பிழைகள் வந்தால் அவற்றைக் கட்டாகக் கொண்டுபோக எக்ஸெப்ஷன் குரூப்பும், அதைப் பிரித்துப் பிடிக்க நட்சத்திரம் போட்ட எக்ஸெப்டும் அதே பதிப்பில் வந்தன. ஆனால் இவை எல்லாம் ஒரே புரொசெஸுக்குள். ஜில் பூட்டு இருக்கிறவரை ஒரு புரொசெஸில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பைத்தன் கோடை ஓட்டும். கணக்கு வேலைக்குப் பல புரொசெஸ் வேண்டும், அங்கே அம்மாவின் தாழ்ப்பாள் இல்லை.

அந்த இடத்தில்தான் ட்ராக்டர். ட்ரியோவையும் ஆக்டரையும் ஒட்டவைத்த பெயர், உழவு இயந்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கொழும்பில் ட்ராக்டர் என்றால் எனக்குக் குப்பை எடுக்க வருகிற மாநகரசபை வண்டிதான் மனதில் வருகிறது. இந்த லைப்ரரி கிளீன்-அப்பில் காட்டுகிற அக்கறையைப் பார்த்தால் அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆக்டர் என்ற கருத்து 1973-இல் கார்ல் ஹெவிட் முதலானோர் முன்வைத்தது: ஒவ்வொருவரும் தனக்கென்று நினைவு வைத்திருப்பார், மற்றவரோடு செய்தி அனுப்பி மட்டும் கதைப்பார். ட்ராக்டரில் ஓர் ஆக்டர் என்றால் ஒரு புரொசெஸ், அதற்குள் ஒரு முழு ட்ரியோ. தாய், ஆக்டர் நர்சரி ஒன்றைத் திறந்து பிள்ளைப் புரொசெஸ்களைத் தொடங்கும். ட்ரியோவின் நர்சரிக்குள்ள சட்டம் அப்படியே புரொசெஸ் எல்லையைத் தாண்டிச் செல்லுபடியாகும். ஒரு பிள்ளையில் பிழை வந்தால் அது பெட்டியில் போட்டுக் கட்டிய மாதிரி தாய்க்கு வரும், பிள்ளைக்குள் எந்த வரியில் நடந்தது என்ற ட்ரேஸ்பேக்கோடு. மற்றப் பிள்ளைகளுக்கு ரத்துச் செய்தி போகும். குறித்த நேரத்துக்குள் கேட்காத பிள்ளையைத் தாய் சிஸ்டம் சிக்னலால் முடித்துவைக்கும். அநாதையாக ஒரு புரொசெஸை இந்த லைப்ரரியால் உண்டாக்க முடிந்தால் அதை பக் என்று எடுத்துக்கொள்கிறோம் என்பது அதை எழுதியவர்களின் நிலைப்பாடு. ஆக்டர் முறையில் பேர்பெற்ற எர்லாங் மொழியில் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே செத்தவரை, சூப்பர்வைசர் என்ற கண்காணிப்புப் புரொசெஸ் திரும்ப எழுப்பும். இங்கே எழுப்புவது இயல்பில் இல்லை, பிழை மேலே போகும், திரும்பத் தொடங்குவதா என்பதை நீங்கள் எழுத வேண்டும்.

சரி, புதிய வசதிகள். எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை, உங்கள் பகல் வேலைக்கு எவை பிடிக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

முக்கியமானது கன்டெக்ஸ்ட். பழைய உதாரணங்களில் 'ரன் இன் ஆக்டர்' என்று ஒன்றைப் பார்ப்பீர்கள்: ஒரு ஃபங்ஷனை ஒரு புரொசெஸில் ஓட்டி விடையை வாங்குவது. பூல் பழக்கத்தில் இருந்து வருகிறவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள், பிடிக்க வேண்டாம். பிள்ளையை 'ஸ்டார்ட் ஆக்டர்' மூலம் தொடங்கி, அதன் போர்ட்டல் (தாய் பிள்ளையோடு கதைக்கும் வாசல்) வழியாக 'ஓப்பன் கன்டெக்ஸ்ட்' செய்வதுதான் இந்த லைப்ரரியின் உயிர். அப்போது தாயில் ஒரு டாஸ்கும் பிள்ளையில் ஒரு டாஸ்கும் சோடியாகக் கட்டப்படும். பிள்ளைப் பக்கம் தன் ஆயத்த வேலைகளை முடித்து 'ஸ்டார்ட்டட்' என்று சொன்ன பிறகுதான் தாய்ப் பக்கம் அடுத்த வரிக்கு நகரும். அந்தச் சொல்லோடு ஒரு மதிப்பையும் அனுப்பலாம்.

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். உங்கள் இப்போதைய கோடில் கணக்குப் புரொசெஸைத் தொடங்கியதும் 'ஸ்லீப் 3' போட்டிருப்பதாக எழுதியிருந்தீர்களே, டேட்டாபேஸ் இணைப்பு ஏற நேரம் கொடுக்க. அந்த ஸ்லீப் இனி வேண்டாம். பிள்ளை இணைப்பை ஏற்றும், லொறிப் பட்டியலை வாசிக்கும், எத்தனை லொறி என்ற எண்ணோடு 'ஸ்டார்ட்டட்' சொல்லும், தாய் அந்த எண்ணைக் கையில் வாங்கிக்கொண்டு தொடங்கும். இணைப்பு ஏறாவிட்டால் பிழை அந்த இடத்திலேயே தாய்க்கு வரும். மூன்று வினாடி போதுமா, மழை நாளில் ஐந்து வேண்டுமா என்ற யோசனையே இல்லை.

ரத்து யார் செய்தது என்பதும் கன்டெக்ஸ்டில் பதிவாகிறது. நீங்களாக ரத்து செய்தீர்களா, மறுபக்கம் செய்ததா, மூன்றாவது ஆள் செய்தாரா என்று பிரித்துத் தெரியும். பல புரொசெஸ் ஒன்றாகச் செத்துக்கிடக்கும்போது முதலில் விழுந்தது எது என்று தேடி ஓர் இரவைத் தொலைத்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

கன்டெக்ஸ்டுக்குள் இருவழி ஸ்ட்ரீம் திறக்கலாம். லொறித் தகவலை வாங்குகிற பிள்ளை ஒரு பக்கம் அனுப்ப, தாய் 'இந்த லொறியை விடு, அதைக் கவனி' என்று மறுபக்கம் சொல்லலாம். இங்கே ஒரு முடிவை நீங்கள் எடுக்க வேண்டும். வாங்குகிறவர் மெதுவாக இருந்தால் என்ன செய்வது? அனுப்புகிறவரைக் காக்கவைப்பதா, நிரம்பி வழிகிறது என்று பிழை எழுப்புவதா? இருப்பிடத் தகவலுக்குப் பழையது பெறுமதியில்லை, பேலியகொடையில் பத்து நிமிடத்துக்கு முன் நின்ற லொறி இப்போது களனிப் பாலத்தைத் தாண்டியிருக்கும். உங்கள் இடத்தில் நான் இருந்தால், பிள்ளைக்குள் ஒவ்வொரு லொறிக்கும் கடைசித் தகவலை மட்டும் ஒரு டிக்ஷனரியில் வைத்து, வினாடிக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்புவேன். வரிசை நிரம்புகிற பிரச்சினையே எழாது. ஒரே ஸ்ட்ரீமைப் பல டாஸ்குகள் கேட்க வேண்டுமானால் 'சப்ஸ்கிரைப்' உண்டு. ரஸ்ட் மொழியின் டோக்கியோ லைப்ரரியில் இருந்து எடுத்த முறை. பின்தங்குகிற கேட்பவருக்கு 'நீ பின்தங்கிவிட்டாய்' என்ற பிழை வரும், மற்றவர்கள் அவருக்காக நிற்க மாட்டார்கள்.

அடுத்து, 'இன்ஃபெக்டட் அசிங்க்-ஐஓ' என்று பயமுறுத்துகிற பெயரில் ஒன்று. லொறிக் கருவிகளோடு கதைக்கிற உங்கள் லைப்ரரி அசிங்க்-ஐஓவில்தான் ஓடும் என்கிறீர்கள், ட்ரியோவில் ஓடாது. பொதுவாக அந்த இடத்தில் ஆட்கள் ட்ரியோவை விட்டுவிடுகிறார்கள். ட்ராக்டரில் ஒரு பிள்ளைப் புரொசெஸை மட்டும் இந்த முறையில் தொடங்கலாம். அதற்குள் அசிங்க்-ஐஓ வீட்டுக்காரர், ட்ரியோ விருந்தாளி. இரண்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் இருக்கும். அசிங்க்-ஐஓ பக்கம் பிழை வந்தால் ட்ரியோ பக்கத்துக்கு வரும், அங்கிருந்து வழக்கம்போல் தாய்க்குப் போகும். ரத்தும் எதிர்த்திசையில் அதே வழியில் போகும். உங்களுக்கு ட்ராக்டரைச் சிபாரிசு செய்ய இது ஒன்றே போதும்.

அடுத்தது டிபகர், அதாவது பிழை தேடும் கருவி. இதை வாசித்தால் நம்ப மாட்டீர்கள், ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தொடக்கத்தில் 'டிபக் மோட்' என்பதை ஆம் என்று கொடுத்தால், எந்தப் பிள்ளைப் புரொசெஸில் பிழை விழுந்தாலும் உங்கள் டேர்மினல் அந்தப் புரொசெஸுக்குள் போய் அந்த வரியில் நிற்கும். மாறியின் மதிப்பைப் பார்க்கலாம், மேலே கீழே ஃபிரேம் மாறலாம், பைத்தனின் சாதாரண டிபகரான பிடிபி மாதிரியே. இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் விழுந்தால் டேர்மினலுக்கு அடிபட மாட்டார்கள், பூட்டு வைத்து ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். மல்டிபுரொசெஸிங்கில் பிரிண்ட் போட்டுப் போட்டுத் தேடிய வயதுக்காரன் நான். முதல்முறை இது வேலை செய்தபோது தேத்தண்ணி ஆறியது தெரியாமல் உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருந்தேன். உண்மையான சேர்வரில் மட்டும் இதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆளில்லாத டேர்மினலில் புரோகிராம் உங்களுக்காகக் காத்திருக்கும்.

இதோடு ஒட்டிய ஒன்று, தொங்கி நிற்கிற புரோகிராமுக்கு. 'ஸ்டாக்ஸ்கோப்' என்ற துணை லைப்ரரியோடு சேர்த்தால், யூசர்-1 சிக்னலை அனுப்பி, எந்த டாஸ்க் எந்த வரியில் காத்திருக்கிறது என்ற மரத்தை அச்சிட வைக்கலாம். பைத்தன் 3.14-உம் இந்தத் திசையில்தான் போயிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் அசிங்க்-ஐஓ புரொசெஸின் எண்ணைக் கொடுத்தால் அதன் டாஸ்க் மரத்தைக் காட்டும், பிடிபியை ஓடுகிற புரொசெஸில் போய் ஒட்டவும் விடும்.

செய்திகளின் வடிவமும் மாறியிருக்கிறது. மல்டிபுரொசெஸிங் எல்லாவற்றையும் பிக்கிள் என்ற பைத்தனின் பொதி வடிவில் போட்டு அனுப்பும். வசதிதான், ஆனால் பிக்கிளைப் பிரிப்பது என்றால் அனுப்பியவர் சொல்கிற கோடை ஓட்டுவதுதான். ட்ராக்டர் 2022-இல் எம்எஸ்ஜிஸ்பெக் லைப்ரரிக்கு மாறியது. எண், எழுத்து, பட்டியல், டிக்ஷனரி போகும், கண்டபடி ஒப்ஜெக்ட் போகாது. பிள்ளை எந்த மொடியூல்களின் ஃபங்ஷன்களை ஓட்டலாம் என்பதையும் தொடங்கும்போதே பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். உங்கள் கோடில் பாண்டாஸ் அட்டவணையை அப்படியே புரொசெஸ்களுக்கு நடுவே அனுப்புகிறீர்கள், அது இங்கே நடக்காது. முதலில் எரிச்சலாக இருக்கும். எந்தத் தகவல் எங்கே போகிறது என்று ஒருமுறை தாளில் எழுதவைத்துவிடும் என்பதால் எனக்கு இந்த எரிச்சல் பிடிக்கும். வேலை நடந்துகொண்டிருக்கும் கிளையில் செய்தி வகையை முன்கூட்டியே அறிவித்து, தப்பான வகை வந்தால் எல்லையிலேயே பிடிக்கிற ஏற்பாடும் இருக்கிறது.

இனி இரவு வேலைக்கு ஏன் வேண்டாம் என்றேன் என்று சொல்கிறேன்.

நீங்கள் பயன்படுத்துவது பை-டெசராக்ட். அது பைத்தனுக்குள் ஒன்றும் படிப்பதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் டெசராக்ட் என்ற வேறு புரோகிராமைக் கூப்பிட்டு, அது எழுதித் தருகிறதை வாங்கித் தருகிறது. கஷ்டமான வேலை ஏற்கெனவே வேறு புரொசெஸில்தான் நடக்கிறது. உங்கள் 8 பைத்தன் புரொசெஸ்களும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கின்றன! வேலை செய்ய எட்டுப் பேர், அவர்களைப் பார்க்க எட்டுப் பேர்.

தனி ட்ரியோ போதும். ஒரு நர்சரி, அதில் 8 பேருக்கு மேல் விடாத கெப்பாசிட்டி லிமிட்டர் ஒன்று, படத்துக்கொரு டாஸ்க், டாஸ்குக்குள் ட்ரியோவின் 'ரன் புரொசெஸ்' மூலம் டெசராக்டை நேரே கூப்பிடுங்கள். கேர்னல் டெசராக்டைக் கொன்றால் விடை எண் கழித்தல் 9 என்று ஒரு பிழை உங்கள் கைக்கு வரும், காணாமல் போகாது. அந்தப் பிழையை டாஸ்குக்குள்ளேயே பிடித்து, பில்லின் பெயரைத் தோல்விப் பட்டியலில் எழுதிவிட்டுப் போங்கள். வெளியே விட்டால் நர்சரி தன் சட்டப்படி மற்ற எல்லாவற்றையும் ரத்து செய்துவிடும், ஒரு மங்கலான பில்லுக்காக இரவு முழுக்க வேலை நிற்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடக் காலக்கெடு போடுங்கள். கெடு தாண்டினால் ட்ரியோ டெசராக்டுக்குச் சிக்-டேர்ம் கொடுத்து, 5 வினாடி பார்த்து, போகாவிட்டால் சிக்-கில் கொடுக்கும். கன்ட்ரோல்-சிக்கும் இதே மரியாதைதான். அசிங்க்-ஐஓவின் டாஸ்க் குரூப்பில் இதை எழுதினால், ரத்தாகும்போது வெளிப் புரொசெஸைக் கொல்லுகிற வேலை உங்களுடையது. அதனால்தான் ட்ரியோ என்கிறேன்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். டெசராக்ட் ஒன்றே நான்கு த்ரெட் வரை போடும். எட்டை ஒன்றாக ஓட்டினால் 32 த்ரெட் உங்கள் 8 கோருக்கு அடிபடும். 'ஓஎம்பி த்ரெட் லிமிட்' என்ற என்வைரன்மென்ட் மாறியை 1 ஆக்குங்கள். கோடில் கை வைக்கும் முன் இதை மட்டும் இன்றிரவே செய்து பாருங்கள்.

ட்ராக்டரை எடுத்தால் தெரிந்திருக்க வேண்டிய கசப்புகள் சில. இன்னும் ஆல்ஃபா எண்ணில்தான் வெளியாகிறது, பெயர்களும் முறைகளும் மாறும். ஒரு குறிப்பிட்ட கமிட்டை (கோடின் ஒரு நிலையான பதிவை) பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், தானாக அப்டேட் ஆக விடாதீர்கள். உரிமம் ஏஜிபிஎல் மூன்று. ட்ரியோவின் உரிமம் போல் தாராளமானதல்ல. புரோகிராமை வேறு கடைகளுக்கும் விற்கிற எண்ணம் இருந்தால் முதலில் அதை வாசியுங்கள், அல்லது வாசித்து விளங்குகிறவரிடம் கொடுங்கள்.

ரத்து என்பது மந்திரமல்ல என்பதும் முக்கியம். பிள்ளை ஒரு நீண்ட கணக்குக்குள் மூழ்கி, ட்ரியோவுக்கு மூச்சுவிட இடம் கொடுக்காமல் இருந்தால், தாயின் செய்தி அதன் காதில் விழாது. கெடு முடிந்து கொல்லப்படும்போது கிளீன்-அப் கோட் ஓடாது. கணக்கைத் துண்டுகளாக்கி நடுவே ஒரு செக்பொயின்ட் வையுங்கள். சிக்-டேர்மையும் நீங்களே கவனிக்க வேண்டும். ட்ரியோ கன்ட்ரோல்-சியைப் பார்த்துக்கொள்ளும், சிக்-டேர்மைப் பார்க்காது. 'ஓப்பன் சிக்னல் ரிசீவர்' வைத்து அதை வாங்கி, மேல் நர்சரியை ரத்து செய்கிற சின்ன டாஸ்க் ஒன்றை எழுதுங்கள். யூபிஎஸ் ஸ்கிரிப்டும், லினக்ஸில் புரோகிராம்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்-டியும் அந்தச் சிக்னலில்தான் கதைக்கும். சிஸ்டம்-டி இயல்பாக 90 வினாடி பொறுக்கும், அதற்குப் பிறகு கொல்லும்.

ஜில் பூட்டே போகப்போகிறதே, பிறகு இதெல்லாம் எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். ஜில் இல்லாத பதிப்பு 3.13-இல் பரீட்சார்த்தமாக வந்து, 3.14-இல் அதிகாரபூர்வ ஆதரவைப் பெற்றது. ஆனால் இயல்பாக நிறுவப்படுவது அதுவல்ல. அது முழுதாக வந்தாலும், த்ரெட் ஒன்று மெமரியைத் தின்றால் கேர்னல் முழுப் புரொசெஸையும்தான் கொல்லும். ஒருவர் விழுந்தால் மற்றவர் நிற்க வேண்டுமானால் சுவர் வேண்டும், சுவர் என்றால் புரொசெஸ்.

மாற்றி எழுதிய பிறகு பகல் புரோகிராமை ஓடவிட்டு, வேறொரு டேர்மினலில் 'பி-எஸ்' அடித்துக் கணக்குப் பிள்ளையின் எண்ணை எடுத்து, நீங்களே சிக்-கில் அனுப்புங்கள். தாய்க்கு எத்தனை வினாடியில் பிழை வந்தது என்று குறித்து வையுங்கள். பிறகு திரும்பத் தொடங்கி, இந்தமுறை தாய்க்குச் சிக்-டேர்ம். 90 வினாடிக்குள் பட்டியலில் உங்கள் பைத்தன் ஒன்றும் மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் அதன் எண்ணையும் டாஸ்க் மரத்தையும் எனக்கு அனுப்புங்கள், பார்ப்போம்.